கணவரின் ஃபோனைத் திறக்கலாமா? குடும்ப நீதிமன்ற வழக்கில் ஆதாரம் தேடும் உரிமை

பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போகும் வழியில் உள்ள ஓர் ஊரிலிருந்து 35 வயதுச் சகோதரி ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

2013-இல் திருமணம். கணவருக்குச் சென்னையில் மளிகைக் கடை. மகளுக்கு இப்போது 11 வயது, மகனுக்கு 7 வயது. 2023 ஆவணியில் அம்மன் கோயில் கொடைக்குப் போய்விட்டு வா என்று பிள்ளைகளோடு ஊருக்கு அனுப்பிவைத்தவர், அதன் பிறகு அழைத்துப்போக வரவில்லை. சகோதரி தாய்வீட்டில் பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்து வருகிறார். சில மாதங்களுக்கு முன் குடும்ப நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது. மனைவி தம்மைக் கொடுமைப்படுத்தியதாகவும், மனைவிக்கு அவருடைய அத்தை மகனோடு தவறான தொடர்பு இருப்பதாகவும் சொல்லிக் கணவர் விவாகரத்து கேட்டிருக்கிறார். அதற்கு ஆதாரமாக ஐந்து வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்திருக்கிறார். கடை தம்முடையது அல்ல, அண்ணனுடையது என்றும், அங்கே மாதம் 12,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதாகவும் மனுவில் எழுதியிருக்கிறார். மகனுக்கு டிஎன்ஏ பரிசோதனை கேட்கப்போவதாக உறவினர் மூலம் சொல்லியும் அனுப்பியிருக்கிறார்.

சகோதரியின் ஃபோனில் கணவர் பேசிய பதினான்கு அழைப்புகள் பதிவாகி இருக்கின்றன. செல்ஃபோன் கடையில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி, "அத்தான் ஃபோன் அஞ்சு நிமிஷம் கையில் கிடைத்தால் போதும், ஒரு ஆப் போட்டுவிடுகிறேன், எல்லாம் நம் ஃபோனுக்கு வந்துவிடும்" என்கிறாராம். விடுமுறைக்குத் தகப்பனிடம் போகும் மகளிடம் ஒரு பழைய ஃபோனைக் கொடுத்து, அங்கே நடப்பதைப் பதிவு செய்யச் சொல்லலாமா என்ற யோசனையும் வீட்டில் இருக்கிறது. அத்தை மகனோடு தாம் பேசிய செய்திகளை அழித்துவிடலாமா என்றும் கேட்கிறார். "குடும்பக் கோர்ட்டில் சாட்சியச் சட்டமே கிடையாதாம், எதை வேண்டுமானாலும் கொடுக்கலாமாம், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதாம், உண்மையா வக்கீலம்மா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் ஐந்து பக்கங்களும் கணவருடைய ஃபோனைப் பற்றியே இருக்கின்றன. ஆறாவது பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஊருக்குக் கொண்டுவந்த பெட்டியில் துணிக்கு அடியில் அவர் கடைக் கணக்கு எழுதிய நீள நோட்டு ஒன்று கிடந்தது, பின்பக்கம் பாப்பா வாய்ப்பாடு எழுதியிருக்கிறாள், அது எதற்கும் ஆகுமா என்று தெரியவில்லை." உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த வரி அதுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

"எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம்" என்பது பாதிதான் உண்மை

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984-இன் 14-ஆம் பிரிவைப் பற்றித்தான் யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தகராறைச் செவ்வையாகத் தீர்க்க உதவும் என்று நீதிமன்றம் கருதினால், எந்த அறிக்கையையும் வாக்குமூலத்தையும் ஆவணத்தையும், சாட்சியச் சட்டத்தின்படி அது ஏற்கத்தக்கதா இல்லையா என்று பாராமல் பெற்றுக்கொள்ளலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. வீட்டுக்குள் நடக்கும் சச்சரவுக்கு முத்திரைத்தாளும் நேரடிச் சாட்சியும் இருக்காது என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது.

ஆனால், அந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கு உரியது. வழக்காடும் ஒருவர், "நான் கொண்டுவந்ததை நீங்கள் வாங்கித்தான் ஆக வேண்டும்" என்று சொல்ல அந்தப் பிரிவு இடம் தரவில்லை. வாங்கிக்கொண்ட ஆவணத்தை நீதிபதி நம்பவும் வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையில் அது நிற்கவும் வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, ஓர் ஆதாரம் வழக்கில் ஏற்கப்பட்டது என்பதாலேயே அதை எடுத்த வழியில் நடந்த குற்றம் மன்னிக்கப்பட்டுவிடாது என்பது. இரண்டும் வேறு வேறு விஷயங்கள். வேறு வேறு நீதிமன்றங்களில் விசாரிக்கப்படுபவை. உங்கள் தம்பி இதைத்தான் யோசிக்கவில்லை.

உங்கள் ஃபோனில் உள்ள பதினான்கு பதிவுகள்

இவற்றைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. கணவனும் மனைவியும் திருமண வாழ்வில் தங்களுக்குள் பேசியதை மற்றவர் சம்மதமின்றி வெளியிடக்கூடாது என்ற பாதுகாப்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 122-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது 128-ஆம் பிரிவாக இருக்கிறது. அதே பிரிவு, கணவன் மனைவிக்கு இடையிலேயே நடக்கும் வழக்குக்கு விலக்கும் கொடுத்திருக்கிறது. பஞ்சாபில் பட்டிண்டா குடும்ப நீதிமன்றத்திலிருந்து மேலே போன விபோர் கர்க் வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த தொலைபேசி உரையாடல்களைத் திருமண வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 14 அன்று தீர்ப்பளித்தது. நீங்கள் கேள்விப்பட்டது அந்தத் தீர்ப்பைத்தான். உங்களோடு உங்கள் கணவர் பேசியதை உங்கள் ஃபோன் பதிவு செய்திருந்தால், அது அந்தத் தீர்ப்பின் நிழலுக்குள் வருகிறது.

ஆனாலும், பதிவு இருக்கிறது என்பது வேறு, அதை நிரூபிப்பது வேறு. பேசுகிற குரல் அவருடையதுதானா, பதிவில் வெட்டோ ஒட்டோ இல்லையா, பேச்சு வழக்கின் பிரச்சினையைத் தொடுகிறதா என்ற மூன்று கேள்விகளையும் நீதிமன்றம் கேட்கும். மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால், புதிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் கூடவே வர வேண்டும். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் ஃபோனை வைத்திருக்கும் நீங்கள் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பகுதியில் ஒரு நிபுணர் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து, ஒரு நொடி மாறினாலும் வேறாகிவிடும் அடையாள எண் அது. கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் வந்த ஒரு வழக்கில், பதிவுகளை எல்லாம் பென்டிரைவில் ஏற்றிப் பத்திரமாக வைத்திருந்த ஒரு பெண், பழைய ஃபோனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புது ஃபோன் வாங்கிவிட்டார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு கேட்ட முதல் கேள்வி, "பதிவு செய்த ஃபோன் எங்கே?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அவர் கூண்டில் நின்ற நிலை இன்றும் எனக்கு மறக்கவில்லை. ஆகவே, திரை உடைந்திருந்தாலும், பேட்டரி நிற்காவிட்டாலும், அந்த ஃபோனை விற்காதீர்கள், மாற்றாதீர்கள், ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுக் கடையை விட்டு நகராதீர்கள்.

எழுத்துவடிவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பதிவுகளோடு அவற்றின் பேச்சை எழுதித் தர வேண்டியிருக்கும். நம் பக்கத்தில் பலர் அதை நல்ல தமிழாகத் திருத்தி எழுதிக் கொண்டுவருகிறார்கள். அது பெரிய தவறு. "சோலிய முடிச்சிருவேன்" என்று உங்கள் கணவர் மிரட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அதை "வேலையை முடித்துவிடுவேன்" என்று திருத்தினால், மேல்முறையீட்டில் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறவர் அதை ஏதோ கடை வேலை என்றே எடுத்துக்கொள்வார். திருநெல்வேலிக்காரருக்கு அந்தச் சொல் கொலை மிரட்டல். அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதுங்கள். அதன் பொருளை அடைப்பில் தனியாக விளக்குங்கள். முழு உரையாடலையும் கொடுங்கள். நீங்கள் கோபத்தில் சொன்ன சொற்களையும் சேர்த்தே கொடுங்கள். உங்களுக்குச் சாதகமான இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தால், மீதி பன்னிரண்டு நிமிடத்தில் என்ன இருந்தது என்ற சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

மிரட்டல் உள்ள பதிவுகளுக்கு விவாகரத்து வழக்குக்கு அப்பாலும் பயன் உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன் கீழ் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் நீங்கள் முறையிடலாம். உடனடி ஆபத்து என்று தோன்றினால் 181 என்ற எண்ணை அழையுங்கள்.

தம்பி சொல்லும் வழி வேண்டாம்

உங்கள் தம்பியின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அக்காளின் கண்ணீரைப் பார்த்த தம்பி அப்படித்தான் துடிப்பார். ஆனால், அடுத்தவர் ஃபோனில் அவர் அறியாமல் ஒரு செயலியை ஏற்றித் தகவலை எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43, 66-ஆம் பிரிவுகளில் வருகிறது. மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கணவருடைய ஃபோன் என்பதால் மனைவிக்கு விலக்கு ஒன்றும் சட்டத்தில் எழுதப்படவில்லை. மனைவியின் தம்பிக்கு நிச்சயமாக இல்லை. செல்ஃபோன் கடையில் சம்பளத்துக்கு நிற்கும் அந்தப் பையன்மேல் இப்படி ஒரு வழக்கு விழுந்தால் அவருடைய பிழைப்பே போய்விடும். அந்த வழக்கை வைத்து உங்களைச் சமரசத்துக்கு நெருக்கவும் எதிர்த்தரப்புக்கு வசதியாகிவிடும்.

விபோர் கர்க் தீர்ப்பு இதற்குக் கைகொடுக்குமா என்று கேட்பீர்கள். அந்த வழக்கில் பதிவானது கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிய பேச்சு. உங்கள் கணவர் வேறொருவரோடு பேசுவதை ஒட்டுக்கேட்பது அதில் அடங்காது. நம் மாவட்டத்துக்கு மேல் நீதிமன்றமாக இருக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், 2024 அக்டோபர் இறுதியில், மனைவியின் அழைப்புப் பட்டியலை அவர் அறியாமல் எடுத்துத் தாக்கல் செய்த ஒரு கணவரின் வழக்கு விசாரிக்கப்பட்டது. அந்தரங்க உரிமையை மீறிப் பெற்ற அந்தப் பட்டியலை ஏற்க முடியாது என்று நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்த முடிவு எந்த அளவுக்கு நிற்கும் என்று வழக்கறிஞர்கள் வாதிடத்தான் செய்வார்கள். அந்த வாதத்துக்கு உங்கள் வழக்கையும் உங்கள் தம்பியையும் பணயமாக வைக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

உங்கள் கைக்குத் தானாக வந்தது வேறு. அடுத்தவர் உடைமையில் நீங்கள் கைவைத்து எடுத்தது வேறு. உங்களுக்கு அவர் அனுப்பிய செய்தி, உங்களோடு அவர் பேசிய பேச்சு, நீங்கள் இருவரும் குடியிருந்த வீட்டில் உங்கள் பெட்டியோடு வந்த காகிதம் ஆகியவை முதல் வகை. அவருடைய கடவுச்சொல், அவருடைய ஓடிபி, அவருடைய மின்னஞ்சல், போலிப் பெயரில் கணக்குத் தொடங்கி அவரைப் பேச வைப்பது ஆகியவை இரண்டாம் வகை. இரண்டாம் வகையில் உங்களுக்கு ஏதாவது தேவைப்பட்டால், நீதிமன்றத்தைக் கேட்டு நீதிமன்றத்தின் வழியாக வரவழைக்க வேண்டும். குறிப்பிட்ட சில நாட்களின் அழைப்பு விவரம் உண்மையிலேயே வழக்குக்குத் தேவை என்றால், காரணம் காட்டி மனுப் போடலாம். நீதிமன்றம் அனுமதிக்கலாம், மறுக்கலாம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இந்த விவரங்களை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. அதற்குப் பிறகு கேட்டால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்பதால், இந்த மனுவைத் தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் செய்திகளை அழிப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். உங்கள் கணவர் கொடுத்திருப்பது ஐந்து ஸ்கிரீன்ஷாட்டுகள். அவை எந்த ஃபோனில், யாரால், எப்போது எடுக்கப்பட்டவை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் கொடுக்க வேண்டும். அவருடைய கையில் இருப்பது நடுவிலிருந்து பிய்த்த ஐந்து துண்டுகள். முழு உரையாடல் உங்களிடம் இருக்கிறது. அத்தை மகனிடம் மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கைமாற்று கேட்டதாகவும், "உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா" என்ற வரி அந்தப் பேச்சில் வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைத்தான் அவர் வெட்டி ஒட்டியிருக்கிறார். அதற்கு முன்னும் பின்னும் உள்ள செய்திகளை நீங்கள் அழித்துவிட்டால், உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆதாரத்தை உங்கள் கையாலேயே அழித்தவர் ஆவீர்கள். அழித்ததே குற்ற உணர்ச்சியின் அடையாளம் என்றும் அவர்கள் வாதிடுவார்கள்.

நீங்கள் நிரூபிக்க வேண்டியது எது?

கணவருக்கு வேறு பெண்ணோடு தொடர்பு இருப்பதாகக் காட்டிவிட்டால் ஜீவனாம்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று நம்பி எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையை நான் திருத்தியாக வேண்டும். ஜீவனாம்சத் தொகையை முதன்மையாக முடிவு செய்வது அவருடைய ஒழுக்கம் அல்ல. அவருடைய வருமானம், அவருடைய வசதி, உங்கள் வருமானம், பிள்ளைகளின் தேவை, நீங்கள் இருவரும் வாழ்ந்த வாழ்க்கைத் தரம் ஆகியவைதான். அவருடைய ஃபோனைத் துழாவச் செலவிடும் நேரத்தில் பாதியை, "மாதம் 12,000 ரூபாய் சம்பளம்" என்ற அந்த ஒரு வாக்கியத்தை உடைக்கச் செலவிட்டால் உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்கும்.

இதற்குச் சட்டம் நல்ல கருவிகளைத் தந்திருக்கிறது. 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஜீவனாம்ச மனுவில் இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் பொய் சொன்னால், பொய்ச் சாட்சியத்துக்கான நடவடிக்கையை நீதிமன்றமே தொடங்கலாம். ஜீவனாம்சம் மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே, ஒவ்வொரு மாதத் தாமதமும் உங்களுக்கு இழப்பு. இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்டு, எதிருரையோடு சேர்த்தே மனுப் போடுங்கள். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாக ஆகலாம்.

உங்கள் பிரமாணப் பத்திரத்தில் பீடி வருமானத்தை மறைக்காதீர்கள். கம்பெனி பாஸ்புத்தகமும் பிஎஃப் கணக்கும் உங்கள் பெயரில் இருக்கின்றன; அவர்கள் எளிதாக வரவழைத்துவிடுவார்கள். பீடி சுற்றி வருகிற தொகை ஜீவனாம்சத்தைத் தடுக்காது. அதை மறைத்தது தெரிந்தால் உங்கள் மற்றச் சொற்களின் மதிப்பும் போய்விடும்.

அவர் பக்கத்து உண்மையைக் கொண்டுவர, யாருடைய பூட்டையும் திறக்க வேண்டாத வழிகள் பல இருக்கின்றன. உங்களிடம் கடையின் பழைய பில் ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் அச்சிட்ட ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் இட்டால், அந்தப் பதிவு யார் பெயரில் எந்தத் தேதியில் தொடங்கியது, இப்போது நடப்பில் இருக்கிறதா, ரத்தாகி இருந்தால் எந்தத் தேதியில் ரத்தானது என்பதெல்லாம் யாரும் பார்க்கும்படி வரும். கடை உங்கள் கணவர் பெயரில் இருந்து, விவாகரத்து மனுவுக்குச் சற்று முன்னால் ரத்தாகி, அதே முகவரியில் அண்ணன் பெயரில் புதுப் பதிவு வந்திருந்தால், இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்தாலே நீதிபதிக்குப் புரிந்துவிடும்.

சென்னையில் இருக்கும் உங்கள் உறவினர் யாராவது சாதாரண வாடிக்கையாளராக அந்தக் கடைக்குப் போய்ப் பத்து ரூபாய்க்கு ஏதாவது வாங்கி, கல்லா முன்னால் இருக்கும் க்யூஆர் அட்டைக்குப் பணம் அனுப்பினால், பெறுபவர் பெயர் திரையில் வரும். அது யாருடைய பெயர் என்று பாருங்கள். திறந்திருக்கும் கடையில் பொருள் வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. அந்தப் பெயர் உங்கள் கணவருடையதாக இருந்தால், அந்தக் கணக்கின் விவரத்தை வங்கியிலிருந்து வரவழைக்க உங்கள் வழக்கறிஞர் மனுப் போடலாம். 1891-ஆம் ஆண்டு வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டத்தின்படி சான்றளித்த நகல் வந்தால் போதும். பொதுவாக மேலாளர் நேரில் வர வேண்டியதில்லை.

மாமியார் பெயரில் ஊரில் ஆறு சென்ட் மனை வாங்கியதாகச் சொல்கிறீர்கள். அதற்கான வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். கிரயப் பத்திரத்தின் சான்றளித்த நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி யாரும் பெறலாம். சொத்து உங்களுடையதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பத்திரத்தில் கிரயத் தொகை எப்படிக் கொடுக்கப்பட்டது என்று எழுதியிருப்பார்கள். அங்கே காசோலை எண்ணோ வங்கிப் பரிமாற்றமோ இருந்தால், பணம் புறப்பட்ட கணக்கு யாருடையது என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு விடையை வங்கி தரும்.

இவற்றோடு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11-ஆம் கட்டளையின் கீழ் எழுத்துமூலமாகக் கேள்விகள் அனுப்பிச் சத்தியத்தின்மேல் பதில் கேட்கலாம். ஆவணங்களைத் தாக்கல் செய்யவும் கோரலாம். 16-ஆம் கட்டளையின் கீழ் அவருடைய அண்ணனைச் சம்பளக் கணக்கோடு சாட்சியாக அழைக்கலாம். தம்பிக்கு 12,000 ரூபாய் சம்பளம் கொடுப்பதாகச் சொல்பவர், அதை எழுதிய ஒரு தாளாவது காட்ட வேண்டும் அல்லவா? கேட்ட ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் காட்ட மறுத்தால், அது அவருக்கு எதிரானது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அவருடைய வருமானவரிக் கணக்கைக் கேட்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். அது தனிப்பட்ட தகவல் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், அந்த வழியில் நாளைக் கடத்த வேண்டாம்; நீதிமன்றத்தின் வழியாகவே கேளுங்கள்.

பிள்ளைகளை இதற்குள் கொண்டுவராதீர்கள்

மகளிடம் ஃபோனைக் கொடுத்து அனுப்பும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். சட்டத்தில் அதற்கு என்ன தண்டனை என்று நான் சொல்லப்போவதில்லை. 11 வயதுக் குழந்தை தகப்பனின் வீட்டில் பாவாடைக்குள் ஃபோனை ஒளித்துக்கொண்டு, மாட்டிக்கொள்வோமோ என்று நெஞ்சடிக்க உட்கார்ந்திருப்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்ற பொறுப்புரிமைப் பிரச்சினை வரும்போது நீதிபதி அவளைத் தம் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவார். அப்போது அவள் சொல்லும் முதல் விஷயம் இதுவாக இருந்தால், நீங்கள் சேர்த்த எல்லா ஆதாரமும் அதற்கு ஈடாகாது. விடுமுறை கழிந்து வந்ததும் அவளிடம் துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். தானாக ஏதாவது சொன்னால், தேதியிட்டு அவள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள்.

மகனுடைய டிஎன்ஏ பரிசோதனையைப் பற்றிய பயத்தில் இரண்டு இரவுகள் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த குழந்தை அந்தக் கணவனின் குழந்தைதான் என்பது சட்டத்தின் அனுமானம்; பழைய சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, புதியதில் 116. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று கணவர் காட்டினால்தான் அந்த அனுமானம் உடையும். 2018-இல் நீங்கள் இருவரும் சென்னையில் ஒரே வீட்டில் குடியிருந்தீர்கள். அபர்ணா ஃபிரோடியா வழக்கில் 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பெற்றோர் சண்டையில் குழந்தைக்கு டிஎன்ஏ பரிசோதனை செய்யச் சர்வசாதாரணமாக உத்தரவிடக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. சில வழக்குகளில் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்ததும் உண்டு. 2014-இல் திபன்விதா ராய் வழக்கில், மறுத்தால் பாதகமான அனுமானம் எழலாம் என்ற எச்சரிக்கையோடு அனுமதித்தார்கள். ஆகவே, அவர் அப்படி ஒரு மனுப் போட்டால் எழுத்துமூலமான எதிருரை கொடுக்க வேண்டும். பேசாமல் இருந்துவிடக் கூடாது. "செய்துகொள்ளட்டுமே, எனக்கு என்ன பயம்" என்று கோபத்தில் நீங்களாகச் சம்மதித்தும் விடாதீர்கள். அது உங்கள் மானப் பிரச்சினை மட்டும் அல்ல. அந்தப் பையனின் உரிமை.

அடுத்த வாய்தாவுக்கு முன்

வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சம்மன் நகலோடு போய் எழுதிக் கொடுங்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைப்பது 13-ஆம் பிரிவின்படி தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல, அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். உங்களைப் பற்றி மனுவில் எழுதியிருப்பதை ஊரார் முன்னால் படிக்கக் கேட்க வேண்டியிருக்குமே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். இரு தரப்பில் ஒருவர் விரும்பினாலே மூடிய அறையில் விசாரணை நடத்த 11-ஆம் பிரிவு வழி செய்கிறது. முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள். நீதிமன்ற அரங்கிலும் ஆலோசகர் அறையிலும் எதையும் பதிவு செய்ய வேண்டாம்.

இனி அந்த நீள நோட்டு. 2021 சித்திரையிலிருந்து பதினான்கு மாதம், ஒவ்வொரு நாளும் கல்லாவில் விழுந்த தொகையும் சரக்குக்குக் கொடுத்ததும் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது என்றும், இரண்டு பக்கங்களில் "அண்ணனுக்குக் கொடுத்த கடன்" என்று எழுதியிருக்கிறது என்றும் சொல்கிறீர்கள். கடை அண்ணனுடையது என்றால், கடைப் பணத்திலிருந்து அண்ணனுக்கே கடன் கொடுத்தவர் யார்? கணக்கு நோட்டு ஒன்றை மட்டுமே வைத்து ஒருவர்மேல் பொறுப்பு சுமத்த முடியாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால், ஜிஎஸ்டி தேதிகளும் வங்கிக் கணக்கும் அதன் பக்கத்தில் வந்து நிற்கும்போது, அவர் கையால் எழுதியதை அவரே மறுப்பது கடினம். அவருடைய கையெழுத்தைப் பத்து ஆண்டு பார்த்துப் பழகியவர் என்ற முறையில், அது அவருடையதுதான் என்று நீங்களே சாட்சி சொல்லலாம். நீதிமன்றமும் அவருடைய வேறு எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதை அவரிடமிருந்து நீங்கள் பறிக்கவும் இல்லை, திருடவும் இல்லை. சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து, அவரே கட்டி அனுப்பிய பெட்டியில் வந்தது.

நோட்டின் எல்லாப் பக்கங்களையும் வரிசையாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அசலை ஒரு துணிப்பையில் சுற்றிப் பீடித்தூள் படாத இடத்தில் வையுங்கள். அடிக்கோடு போடாதீர்கள், கூட்டல் போட்டுப் பார்க்காதீர்கள், கிழிந்த ஓரத்தை ஒட்டாதீர்கள். பின்பக்கத்தில் உங்கள் மகள் பென்சிலால் எழுதியிருக்கும் வாய்ப்பாட்டை ரப்பர் வைத்து அழித்துவிட்டுக் கொடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அழிக்கவே வேண்டாம். இரண்டாம் வகுப்புக் குழந்தையின் எழுத்து அது. அவள் இரண்டாம் வகுப்பு படித்த ஆண்டு பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது. அந்த நோட்டு எந்த ஆண்டில், யார் வீட்டில் கிடந்தது என்று நாளை கேள்வி வந்தால், அந்தப் பக்கத்தைத்தான் நான் முதலில் நீதிபதியிடம் திருப்பிக் காட்டுவேன்.